பங்கு பிரித்தவனுக்குக் கடைசிப் பங்கு

நீல ஒயரின் நுனியில் இருக்கும் அந்தக் கண்ணாடி பிளாஸ்டிக் மூக்கைப் பெட்டியின் ஓட்டைக்குள் தள்ளும்போது "டிக்" என்று ஒரு சத்தம் வரும். பல்லிடுக்கில் பாக்கு உடைகிற மாதிரிச் சின்னச் சத்தம்தான். ஆனால் அது வந்தால்தான் மூக்கு சரியாக உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தம். வராவிட்டால் பச்சை விளக்கு எரியாது. அந்த மூக்குக்குள் எட்டு மெல்லிய கம்பிகள், ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று நான்கு நிறம், ஒவ்வொரு நிறத்துக்கும் வெள்ளைக் கோடு போட்ட ஒரு ஜோடி. எங்கள் வீட்டு "ஸ்விட்ச்" பெட்டியில் எட்டு ஓட்டைகள் இருந்தன. அதில் மூன்றுக்குத்தான் வேலை. ஒன்று டெலிபோன் ஒயரிலிருந்து இன்டர்நெட்டை இறக்கித் தருகிற மோடத்துக்கு, ஒன்று கீழ்வீட்டில் இருந்த என் கம்ப்யூட்டருக்கு, ஒன்று மாடியில் இருந்த என் தம்பி சேகருக்கு. மீதி ஐந்தில் தூசி புகாமல் இருக்க நான் பஞ்சு அடைத்து வைத்திருந்தேன்.

இளமைக்காலத்தைப் பற்றி எழுதும்போது ஐம்பது வயதுக்கு மேல் நடந்ததை எழுதுகிறானே என்று வாசகர்கள் நினைக்கலாம். என் இளமைக்காலம் இரண்டு தவணையாக வந்தது; என்ன செய்வது. முதல் தவணை பெங்களூர் ஜோகுபாளையத்தில் அப்பா கட்டிய அதே வீட்டில், ஒரு "தில்பசந்த்"தை நடுவில் வைத்து நடந்தது. இரண்டாவது தவணை அதே வீட்டில், நாற்பத்துச் சொச்சம் வருஷம் கழித்து, அந்த நீல ஒயரை நடுவில் வைத்து நடந்தது. இரண்டிலும் ஆட்கள் அதே இரண்டு பேர், சண்டையும் அதே சண்டை. இரண்டாவதில் நான் ஜெயித்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

தில்பசந்த் என்பது பெங்களூர் பேக்கரிகளில் கிடைக்கும் வட்டமான பண்டம். மேலும் கீழும் மொறமொறப்பான மாவு, உள்ளே இனிப்புத் தேங்காய்த் துருவலும் சிவப்பும் பச்சையுமாக "டூட்டி ஃப்ரூட்டி"த் துண்டுகளும். அப்பா சம்பள நாளில் அல்சூர் பேக்கரியிலிருந்து ஒன்று வாங்கிக்கொண்டு வருவார். ஒன்றுதான். பிள்ளைகள் இரண்டு பேர். அம்மா அதற்கு ஒரு சட்டம் வைத்திருந்தாள்: "வெட்டறது பெரியவன், எடுக்கறது சின்னவன். பங்கு பிரிச்சவனுக்குக் கடைசிப் பங்கு." வெட்டுகிறவன் ஒழுங்காக வெட்டுவதற்கு இதைவிட நல்ல சட்டம் உலகத்தில் கிடையாது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் நியாயப்படி ஒரு மாதம் நான் வெட்டினால் அடுத்த மாதம் அவன் வெட்ட வேண்டாமா? கையைக் கிழித்துக்கொள்வான் என்று சின்னவனிடம் அம்மா கத்தியைக் கொடுத்ததே இல்லை. ஆகவே எல்லா மாதமும் நானே வெட்டினேன், எல்லா மாதமும் அவனே முதலில் எடுத்தான். வெட்டுவதற்கு முன் விளிம்பில் தெரியும் சிவப்புத் துண்டுகளையும் பச்சைத் துண்டுகளையும் எண்ணி, ஸ்கேலை வைத்துக் கோடு போட்டு, இரண்டு பக்கமும் சமமாக வரும்படி வெட்டுவேன். அவன் இரண்டு பாதியையும் கையில் எடுத்து, மோந்து பார்த்து, கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து, அப்புறம்தான் ஒன்றை வைத்துக்கொள்வான். என் பங்கில் எப்போதும் அவனுடைய விரல் பள்ளம் இருக்கும். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. அதை வைத்தே ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் நட்டும் போல்ட்டும் எண்ணி முப்பது வருஷம் வேலை பார்த்தேன்.

அம்மாவும் அப்பாவும் போன பிறகு வீடு இரண்டாயிற்று. கீழ்வீடு எனக்கு, மாடி சேகருக்கு. அதுவரை வீட்டுக்கு இருபத்து மூன்று என்று ஒரே கதவு எண். கார்ப்பரேஷன்காரர்கள் மாடிக்கு இருபத்து மூன்றின் கீழ் ஒன்று என்று எழுதிக் கொடுக்கிறவரை, ஆறேழு மாதம், இரண்டு வீட்டுக்கும் அதே இருபத்து மூன்றுதான். தபால்காரர் சந்துக்குள் நுழையும்போதே மாடி வராந்தாவிலிருந்து, "இங்கதாம்பா, குடு குடு," என்று கூப்பிட்டு என் கடிதங்களையும் சேர்த்து வாங்கிக்கொள்வான் சேகர். ஒரே எண்ணில் இரண்டு பேர் இருந்தால் முதலில் குரல் கொடுத்தவனுக்குத்தான் எல்லாம் என்று அப்போதே தெரிந்துகொண்டேன். இந்தப் பாடம் பிறகு பயன்பட்டது.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆனபோது டெலிபோன் ஒயரிலேயே பிராட்பேண்ட் கொடுக்க ஆரம்பித்தார்கள். எங்கள் வீட்டு டெலிபோன் செத்துப்போன அப்பாவின் பெயரில்தான் இன்னும் இருந்தது. அதனால் அது என் லைனும் இல்லை, அவன் லைனும் இல்லை, இருவருக்கும் பொது. டெலிபோன் கீழ்வீட்டில் இருந்ததால் மோடம் என் அறையில் வைக்கப்பட்டது. எஸ்.பி. ரோடு கடை ஒன்றிலிருந்து அந்த எட்டு ஓட்டைப் பெட்டியை வாங்கிவந்து, வென்டிலேட்டர் வழியாக நீல ஒயரை மாடிக்கு ஏற்றினோம். கடையிலிருந்து வந்தவர் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஒரு எண் போட்டுக் கொடுத்தார். கதவு எண் மாதிரிதான், கடைசி இலக்கம் மட்டும் மாறும். மோடம் ஒன்று, நான் இரண்டு, சேகர் மூன்று.

எனக்கு எதற்கு இன்டர்நெட் என்று சேகரின் மனைவி விமலா கேட்டாள். எனக்கு ஒரே பெண், மலர். அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, கையால்தான் பேசுவாள். படித்து முடித்து சென்னையில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்து, ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். ஊரிலுள்ள மற்றப் பெற்றோர் எல்லாம் பெண்ணுக்கு போன் போட்டு, "சாப்டியாம்மா," என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, என் மனைவி சரோஜா போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். மலர் செல்போனில் ஆங்கிலத்தில் எழுதி அனுப்புவாள், நான் வாசித்துச் சொல்வேன். "நீங்க படிச்சா ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு," என்பாள் சரோஜா. கேமரா வைத்து முகம் பார்த்துப் பேசலாம் என்று தெரிந்த அன்றே நான் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மலர் சென்னையில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்காருவாள். தாயும் மகளும் சத்தமே இல்லாமல் கையால் பேசிச் சிரிப்பதைப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். மலருக்கு அதுதான் வாழ்க்கையில் முதல் "போன்".

இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சரோஜாவுக்கு அடுத்தபடி எங்கள் வீட்டில் கைமொழி நன்றாகத் தெரிந்தவன் சேகர்தான். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவளிடமே கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டான். கல்யாண வீடுகளில் பந்திக்கு அந்தக் கோடியில் அவளும் இந்தக் கோடியில் அவனுமாக உட்கார்ந்து, சம்பந்திகளை யாருக்கும் தெரியாமல் கேலி செய்வார்கள். எனக்குக் கையில் வந்தது எண்கள் மட்டும். எத்தனை தோசை, எத்தனை மார்க், எந்த பஸ். அதற்குமேல் என் விரல்கள் திரும்பவில்லை.

குரலாக இருந்தால் கொஞ்சம் கொரகொரத்தாலும் அர்த்தம் பிடிபடும். கைப்பேச்சில் படம் நின்றால் எல்லாம் நின்றது. முதல் சில வாரங்கள் நன்றாகத்தான் இருந்தன. பிறகு படம் திணற ஆரம்பித்தது. கை எழும்பும், நிற்கும். அடுத்து வரும்போது வேறு எங்கோ இருக்கும். சேகரைக் கேட்டேன்.

"மழைக்காலம்ணா. ஒயர்ல ஈரம் எறங்கும்," என்றான்.

மழை நின்று வெயில் காய்ந்த பிறகும் அவன் சொன்ன ஈரம் மட்டும் காயவில்லை.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மலர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே வந்து உட்கார்ந்தாள். புது ஜாக்கெட், பொட்டு கொஞ்சம் பெரியது. அம்மாவிடம் முக்கியமாக ஏதோ சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கொண்டுவந்தாள். படம் நின்றுவிட்டது. விரல்கள் பாதி விரிந்து, வாய் பாதி சிரித்து, அப்படியே. சரோஜா திரைக்கு முன்னால் கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டாள். பெட்டியில் சேகரின் பச்சை விளக்கு மூச்சுவிடாமல் துடித்துக்கொண்டிருந்தது. மலரின் நேரம் முடிந்து படம் கறுத்துப்போயிற்று. மதியம் செல்போனில் ஒரு வரி வந்தது. ஒருவரைச் சந்தித்திருக்கிறாள், அவரும் கையால் பேசுகிறவர்தான், மீதியை அடுத்த ஞாயிறு அம்மாவிடம் நேராகச் சொல்கிறாள். வாசித்துச் சொன்னேன். சரோஜா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, "இத அவ கையால சொல்லி நான் பாக்கணும்ங்க," என்றாள்.

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனது அன்று சாயங்காலம்தான். நான் கட்டிய கொடிக்கயிறு நான்கு. அன்று எண்ணினால் ஏழு இருந்தது. மறுபடி எண்ணினேன், ஏழுதான். விமலாவின் ஈரப் புடவைகளை விலக்கிப் பார்த்தால் மூன்று கயிறுகள் நீல நிறம். சேகரின் ஜன்னலிலிருந்து புறப்பட்டு, ஒன்று எதிர்வீட்டு நாகராஜப்பாவின் மாடிக்கும், ஒன்று பக்கத்தில் தையல்கடை வைத்திருந்த பாஷா பாயின் வீட்டுக்கும், இன்னொன்று அதற்கு அடுத்த வீட்டுக்கும் போயிருந்தது. சேகரைக் கூப்பிட்டேன்.

"என்னடா இது?"

"கொடிக்கயிறுண்ணா."

"கொடிக்கயிறு எதுக்குடா அடுத்தவன் ஜன்னலுக்குள்ள போவுது?"

"அவங்க துணியும் காயணுமில்ல."

சிரித்தான். பிறகு உள்ளே கூட்டிக்கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினான். அவனுடைய கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு கார்டு போட்டு, தனக்கு வருகிற இன்டர்நெட்டை அதன் வழியாக இன்னொரு பெட்டிக்கு அனுப்பி, அங்கிருந்து மூன்று வீட்டுக்குப் பகிர்ந்திருந்தான். இதற்காக யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. அவனுக்கு வேண்டியது வேறு. சந்துக் கோயில் பல்லக்குக் கமிட்டிக்கு அவன் தலைவராக வேண்டும். நாகராஜப்பா கையில் கொஞ்சம் பேர் இருந்தார்கள், பாஷா பாயின் வார்த்தையைச் சந்தில் எல்லோரும் கேட்பார்கள். "என் லைன்லேருந்து குடுத்திருக்கேன்," என்று கோயில் பிரசாதம் மாதிரி என் மகளின் கைகளை அறுத்து வீடு வீடாக வழங்கியிருந்தான்.

கோபத்தை அடக்கிக்கொண்டுதான் கேட்டேன். "அடுத்த ஞாயித்துக்கெழம காலைல ஒரு மணி நேரம் இத நிறுத்து. மலர் ஏதோ சொல்லணும்கிறா."

"நான் நிறுத்திக்கறேண்ணா. அவங்கள எப்படி நிறுத்தச் சொல்றது? குடுத்தவன் புடுங்கினா நல்லாவா இருக்கும்? கமிட்டில நாளைக்குக் கேப்பாங்க."

"லைன்ல எனக்குப் பங்கு இல்லியா?"

"யார் இல்லன்னா? மோடம் ஒன் வீட்ல இருக்கு, பெட்டி ஒன் வீட்ல இருக்கு, பிரிக்கறவன் நீ. அம்மா சொன்னது மறந்துபோச்சா? பங்கு பிரிச்சவனுக்குக் கடைசிப் பங்கு."

இதைச் சொல்லும்போது அவனுடைய கட்டைவிரல் மேஜையை அமுக்கிக்கொண்டிருந்தது. நான் அந்த விரலையே பார்த்தேன்.

ஏன் ஒயரைப் பிடுங்கிவிடவில்லை என்று கேட்பீர்கள். பிடுங்கினால் லைன் பொது, அண்ணன் அராஜகம் பண்ணுகிறான் என்று சந்தே திரண்டு வரும். அவன் வராந்தாவில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வான். எனக்கு வேண்டியது அதுவல்ல. ஒயர் ஒயராக இருக்க வேண்டும், பெட்டி பெட்டியாக இருக்க வேண்டும், என் கை எதிலும் பட்டதாகத் தெரியக் கூடாது, ஆனால் அவன் விழ வேண்டும். அதுவும் யாருக்குமுன் நெஞ்சை நிமிர்த்தினானோ அவர்களுக்கு முன்னால் விழ வேண்டும்.

வழி ஏற்கெனவே என் கையில் இருந்தது. அதற்குக் கொஞ்ச காலம் முன்பு வைரஸ் வந்து என் கம்ப்யூட்டரைக் கடைக்காரர் அழித்து மறுபடி அமைத்தபோது, என்னுடைய எண்ணை இரண்டு என்று போடுவதற்குப் பதில் மூன்று என்று போட்டுவிட்டார். அன்றெல்லாம் ஒரே குழப்பம். என்னுடையதை முதலில் போட்டால் எனக்கு வந்தது, சேகருக்கு வரவில்லை. அவன் முதலில் போட்டால் அவனுக்கு வந்தது, எனக்கு வரவில்லை. பிந்தி எழுந்தவனின் திரை மூலையில், இந்த எண்ணில் வேறொரு கம்ப்யூட்டர் இருக்கிறது என்று ஒரு மஞ்சள் கட்டம் வரும். எனக்கு உடனே தபால்காரர் ஞாபகம் வந்தது. இரண்டு இருபத்து மூன்று; முதலில் குரல் கொடுத்தவனுக்கு எல்லாம். நானே உள்ளே போய் எண்ணை இரண்டாக மாற்றிக்கொண்டேன், சேகரிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்த வாரமே பி.யு.சி. இரண்டாம் வருஷ ரிசல்ட், தமிழ்நாட்டில் பிளஸ் டூ என்பார்களே, அது. காலேஜில் ஒட்டுவதற்கு முன்னால் இன்டர்நெட்டில் வந்துவிடும் என்று பேப்பரில் போட்டிருந்தது. நாகராஜப்பாவின் பெண், பாஷா பாயின் இளைய மகன், சேகரின் மகன் பிரபு, மூவரும் அந்த வருஷம் எழுதியிருந்தார்கள். "எல்லாரும் நம்ம வீட்டுக்கு வந்துடுங்க, என் லைன்ல பாத்துக்கலாம்," என்று சேகர் சந்து முழுக்கச் சொல்லி வைத்திருந்தான். மைசூர்பாக் கூட வாங்கிவிட்டான். விமலா இடிக்குப் பயந்து படுக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுகிறவள். ஆகவே மாடி கம்ப்யூட்டர் காலையில் குளித்துச் சாப்பிட்டபிறகுதான் எழும்.

ரிசல்ட் அன்று நான் குளிக்காமல் என்னுடையதை எழுப்பினேன். எண்ணை இரண்டிலிருந்து மூன்றாக மாற்றினேன். அப்புறம் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, காபியுடன் உட்கார்ந்தேன். சரோஜா, "என்ன இன்னிக்கு மொகம் இப்படிப் பளபளன்னு இருக்கு," என்று கேட்டாள்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. மேலே பேச்சு, சிரிப்பு, நாற்காலி இழுபடுகிற ஒலி. பிறகு சிரிப்பு குறைந்தது. பிறகு, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுப்பா," என்று ஒரு குரல். மறுபடி, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு." எத்தனை முறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் நான் முன்னமே எழுந்துவிட்டவன். கடைசியில் சேகர் இறங்கி வந்தான்.

"அண்ணா, ஒனக்கு வருதா?"

"வருதே."

"எனக்கு என்னமோ, என் நம்பர்ல வேற யாரோ இருக்காங்கன்னு காட்டுதுண்ணா."

"ஒன் நம்பர எவன் எடுப்பான்? ஈரமா இருக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் காபியைப் பார்த்தேன். அதற்குள் நாகராஜப்பா பின்னாலேயே வந்துவிட்டார். "ஸ்வல்ப நோடி சார், மக அழறா," என்றார், கன்னடமும் தமிழுமாக, கொஞ்சம் பாருங்கள் என்று. வரிசையாக எல்லோரும் இறங்கினார்கள். என் அறை சிறியது, ஜன்னலிலும் ஆட்கள். கையில் ரிஜிஸ்டர் எண் எழுதிய துண்டுச் சீட்டுகள். சந்துப் பிள்ளைகள், ஸ்ரீராம்புரத்திலிருந்து போனில் எண் சொன்ன உறவுக்காரப் பிள்ளைகள் எல்லாம் சேர்த்து பன்னிரண்டு. சேகர் பிரபுவின் சீட்டை முதலில் நீட்டினான்.

"இரு," என்றேன். "பிரபு யாரு, என் வீட்டுப் புள்ள. இங்க பிரிக்கறவன் நான். பங்கு பிரிச்சவனுக்குக் கடைசிப் பங்கு. அம்மா சொன்னது மறந்துபோச்சா?"

அவன் சீட்டை மடக்கிக்கொண்டு நின்றான். நான் ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். நாகராஜப்பாவின் பெண் பாஸ். பாஷா பாயின் மகன் பாஸ். அவர் என் தோளில் கையை வைத்து, "ஜீத்தே ரஹோ பெரியவரே," என்று வாழ்த்தினார். ஒரு பையனுக்கு வேதியியல் போய்விட்டது, அவனுக்கும் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். யாரோ மாடிக்குப் போய் சேகர் வாங்கிவைத்திருந்த மைசூர்பாக்கை எடுத்துவந்து என் மேஜையில் வைத்துப் பிரித்தார்கள். பதினொரு சீட்டு முடிந்தது. நாகராஜப்பா இனிப்பை மென்றுகொண்டே, யதார்த்தமாகத்தான் கேட்டார்: "ஏன் சேகர், ஒங்க லைன்னு சொன்னீங்களே, இது பெரியவர் லைனா?"

சேகர் கையிலிருந்த சீட்டை இன்னும் ஒரு மடிப்பு மடித்தான். எனக்குப் பதில் தேவைப்படவில்லை. நாற்பத்துச் சொச்சம் வருஷத்து தில்பசந்த் அத்தனையும் அந்த ஒரு கேள்வியில் எனக்குத் திரும்பி வந்துவிட்டது.

பன்னிரண்டாவதாகப் பிரபுவின் எண்ணை அடித்தேன். திரையில் வந்துவிட்டது. என் முதுகு மறைத்ததால் சேகருக்குத் தெரியவில்லை. நான் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தேன். கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது. மாட்டிக்கொண்டு ஆங்கில மார்க்கை வாசித்தேன், கன்னட மார்க்கை வாசித்தேன், ஒவ்வொரு பாடமாக நிதானமாக வந்தேன். பிரபுவுக்கு ஆகாதது கணக்கு என்று எல்லோருக்கும் தெரியும். அதைக் கடைசிக்கு வைத்தேன்.

"கணக்கு முப்பத்தஞ்சு," என்றேன். "ஒண்ணு கொறைஞ்சிருந்தா போயிருக்கும்."

சேகர் உட்கார இடம் தேடினான். நாற்காலி எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

கூட்டம் கலைந்தபின் மூன்றை மறுபடி இரண்டாக்கினேன். எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டேன். மதியத்துக்குமேல் மாடிக்கும் ஒழுங்காக வந்தது. ஆனால் அன்று சாயங்காலமே சேகர் மொட்டை மாடிக்குப் போய் மூன்று நீல ஒயர்களையும் கழற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டான். நாகராஜப்பா கேட்டதற்கு, "அது அண்ணன் லைன்," என்று மட்டும் சொன்னானாம். பல்லக்குக் கமிட்டித் தலைவர் பதவி பாஷா பாயின் பரிந்துரையில் வேறொருவருக்குப் போயிற்று. மறுநாள் விமலா படியில் என்னைப் பார்த்து, "கொடி மூணு கொறைஞ்சிபோச்சு மாமா, துணிய எங்க காயப்போடறது," என்றாள். சேகர் என்னோடு பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மலர் வந்து உட்கார்ந்தாள். படம் தண்ணீர் மாதிரி ஓடியது. போன வாரம் நின்ற அதே இடத்தில், நெஞ்சுக்கு நேரே இரண்டு கையையும் கொண்டுவந்து ஆரம்பித்தாள். இந்தத் தடவை விரல்கள் முழுக்க விரிந்தன. அந்தப் பையன் எப்படிச் சிரிப்பான், எப்படி நடப்பான், அச்சகத்தில் என்ன வேலை செய்கிறான், அவனுக்கு அவள் வைத்த கைப்பெயர் என்ன, எல்லாம். சரோஜாவின் கைகள் கேள்வி கேட்டன, கண்ணைத் துடைத்தன, மறுபடி கேட்டன. எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனால் சரோஜா இரண்டு கையையும் குவித்துத் திரைமீது வைத்து எடுத்தது புரிந்தது.

உடனே மலர் வேறொரு கேள்வி கேட்டாள். அது எனக்கே தெரிந்த சைகை. கட்டைவிரலால் மேஜையை அமுக்கிக் காட்டினாள். சேகருக்கு அவள் வைத்திருந்த பெயர் அது. சித்தப்பா எங்கே?

சரோஜா என்னைக் கேட்கவில்லை. நேராகப் படிக்கட்டுக்குப் போய், "தம்பி, மலர் கூப்புடுது," என்று குரல் கொடுத்தாள். தலையில் எண்ணெயோடு இறங்கி வந்தான். என்னைத் தாண்டிப் போய் உட்கார்ந்தான். அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மாப்பிள்ளையின் மூக்கைப் பற்றியோ என்னவோ, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவன் அழுதுகொண்டே சிரித்தான். பிறகு விமலா, பிறகு பிரபு. நான் பின்னால் நின்று பெட்டியின் பச்சை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றுதான், எத்தனை முறை எண்ணினாலும் மூன்றுதான்.

எல்லோரும் பார்த்து முடித்தபின் நாற்காலி எனக்கு வந்தது. பிரித்தவன் நான்தானே. மலர் என்னைப் பார்த்ததும் கைகளைக் கீழே போட்டாள். அப்பாவுக்கு எது புரியும் என்று அவளுக்குத் தெரியும். ஒற்றை விரலைக் காட்டித் தன்னைத் தொட்டாள். பிறகு இரண்டாவது விரலையும் அதன் பக்கத்தில் எழுப்பினாள். அடுத்த மாதம் ஊருக்கு இரண்டு பேராக வருகிறாள். நானும் இரண்டு விரலைக் காட்டினேன். அதற்குமேல் எங்களுக்குள் பேசுவதற்கு ஒன்றும் மீதி இருக்கவில்லை.

இதனால் தம்பியை மன்னித்துவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். என் பெண்ணைவிடக் கமிட்டி பெரிது என்று அவன் நின்ற நிலையை நான் மறக்கவில்லை. ரிசல்ட் அன்று அவன் நின்ற நிலையையும் மறக்கவில்லை. தூக்கம் வராத வேளைகளில் அதை நினைத்துக்கொள்வதுண்டு, நன்றாக இருக்கும்.

இப்போது எனக்கு எழுபத்து நான்கு. மலருக்கு இரண்டு பிள்ளைகள். இருவருக்கும் காது கேட்கும், இருவரும் கையாலும் பேசுவார்கள். சரோஜா சமையல் மேடைமேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, கையில் மாவோடு மகளிடம் பேசுகிறாள். படம் நிற்பதே இல்லை. சேகர் மாடியை விற்றுவிட்டு அத்திபெலேயில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டான். மாடியில் இப்போது சேலம், திருச்சிப் பக்கத்து ஐ.டி. பையன்கள் நான்கு பேர். ஒவ்வொருவன் பையிலும் அவனவனுக்கு ஒரு லைன். யாரும் யாரிடமும் நிறுத்து என்று சொல்ல வேண்டியதில்லை. வென்டிலேட்டரில் ஒயர் ஏறிய இடத்தைச் சிமென்ட் வைத்துப் பூசிவிட்டார்கள். அந்த "டிக்" சத்தத்தைக் கேட்டுப் பல வருஷம் ஆயிற்று. மொட்டை மாடியில் கொடிக்கயிறு நான்குதான். இந்த வீட்டில் பங்கு என்று பிரிப்பதற்கு எதுவும் இல்லை. காற்றில் வருவதை எப்படி வெட்டுவது?

ஆனாலும் சேகர் மாதம் ஒருமுறை பஸ் ஏறி வருகிறான். அல்சூரில் இறங்கி ஒரு தில்பசந்த் வாங்கிக்கொண்டுதான் வருவான். இரண்டு பேருக்கும் சர்க்கரை. சரோஜா அதை மாடிப் பையன்களுக்கென்று எடுத்து உள்ளே வைத்துவிடுவாள். என் எதிரே உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனை எடுத்து, "வைஃபை பாஸ்வேர்டு சொல்லுண்ணா, போன தடவ போட்டது போயிடுச்சு," என்பான். போகவில்லை. ஒவ்வொரு மாதமும் அவன் வருகிற நாளுக்கு முன்னால் நான் மாற்றிவிடுகிறேன். பாஸ்வேர்டு பன்னிரண்டு எழுத்து. நிறுத்தி நிறுத்தி, அவன் கட்டைவிரல் ஒவ்வொன்றாக அமுக்குவதைப் பார்த்துக்கொண்டே சொல்வேன். பதினொன்றோடு நிறுத்திக்கொள்வேன்.

அவன் போட்டுப் பார்ப்பான், வராது. மறுபடி போட்டுப் பார்ப்பான். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்ப்பான்.

"ஒண்ணு கொறையுதுண்ணா."

"கொறையாதே. நல்லா எண்ணிப் பாரு."

"அன்னிக்கு என் நம்பர்ல ஒக்காந்துகிட்டு காபி குடிச்சப்பவும் இதே மூஞ்சிதான் வெச்சிருந்த," என்றான் போன மாதம்.

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். அவன் போனை மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தான். அவனுக்குத் தெரியும், கடைசி எழுத்து என் பங்கு. அதை நான் மெதுவாகத்தான் கொடுப்பேன்.